எந்த சாமல் சர்வர்? கீகிளோக், ஷிபோலெத், கிளவுட் சேவை: ஓர் ஒப்பீடு

ஒரு கல்லூரியோ நடுத்தர நிறுவனமோ, பயனர் கணக்குகள் ஏற்கெனவே ஆக்டிவ் டைரக்டரி, ஓப்பன்எல்டாப் போன்ற கணக்குப் பட்டியல் சர்வரில் இருக்கும். மூடில், நெக்ஸ்ட்கிளவுட், கிட்லேப், கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஊதியச் செயலி, விடுப்பு விண்ணப்பம் என்று செயலிகள் பத்துப் பதினைந்து இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனிக் கடவுச்சொல் கேட்கும். ஒருநாள் நிர்வாகம் கூப்பிட்டு, "எல்லாவற்றுக்கும் ஒரே லாகின் போட்டுவிடுங்கள், சாமல் என்கிறார்களே, அதுதான்" என்று சிஸ்டம் அட்மினிடம் சொல்லும். எந்த சர்வரை நிறுவுவது என்ற முடிவு அவர் தலையில் விழும். அவருக்காக எழுதுகிறேன்.

வசதிப் பட்டியல்களை வைத்து இந்த முடிவை எடுக்க முடியாது. சாமல் 2.0 என்பது, ஒரு சர்வர் சரிபார்த்த பயனரை மற்ற செயலிகள் ஏற்கச் செய்வதற்காக ஓயாசிஸ் அமைப்பு 2005 மார்ச்சில் வெளியிட்ட தரம். இத்தனை ஆண்டுகளில் எல்லா முக்கிய மென்பொருள்களும் அதன் அடிப்படைப் பகுதிகளைச் செய்து முடித்துவிட்டன. எந்த அட்டவணையைப் பார்த்தாலும் எல்லாக் கட்டங்களிலும் டிக்தான் இருக்கும். முடிவைத் தீர்மானிப்பவை இரண்டு கேள்விகள். உங்கள் சர்வர் யார் யாரோடு பேச வேண்டும்? இன்று நிறுவுகிறவர் வேலை மாறிப்போன பிறகு யார் அதைப் பார்த்துக்கொள்வார்?

வேலை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயனர் செயலிக்குப் போகிறார். செயலி, அதாவது சேவை தரும் பக்கமான எஸ்பி, அவரை அடையாளம் சரிபார்க்கும் உங்கள் ஐடிபி சர்வருக்குத் திருப்பி அனுப்புகிறது. ஐடிபி கடவுச்சொல்லைச் சரிபார்த்து, "இவர் இன்னார், இந்தத் துறை, இந்த மின்னஞ்சல்" என்று ஓர் எக்ஸ்எம்எல் துண்டைத் தயாரித்து, கையொப்பமிட்டு, பயனரின் பிரவுசர் வழியாகவே திருப்பி அனுப்புகிறது. அந்தத் துண்டுக்குப் பெயர் அசர்ஷன். இரண்டு பக்கமும் முன்பே பரிமாறிக்கொண்ட மெட்டாடேட்டா என்ற விவரக் கோப்பில் உள்ள சான்றிதழை வைத்து எஸ்பி கையொப்பத்தைச் சரிபார்க்கும். வழக்கமான அமைப்பில் இரண்டு சர்வர்களும் நேரடியாகப் பேசிக்கொள்வதே இல்லை. அதனால்தான் ஃபயர்வாலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உள் செயலிக்கும் வெளியே இருக்கும் ஐடிபி சிரமமில்லாமல் பயன்படுகிறது.

யாரோடு பேச வேண்டும்?

பத்துப் பதினைந்து செயலிகள்தான் என்றால் ஒவ்வொன்றோடும் தனித்தனியாக மெட்டாடேட்டா மாற்றிக்கொண்டால் போதும். பல்கலைக்கழகம் என்றால் கதை வேறு. மாணவர்கள் வீட்டிலிருந்தபடியே சயின்ஸ்டைரக்ட், ஐஇஇஇ எக்ஸ்ப்ளோர் போன்ற ஆய்விதழ்த் தளங்களுக்குள் போக வேண்டும். அதற்கு, கல்லூரிகளும் தளங்களும் ஒன்றையொன்று நம்ப ஏற்பாடு செய்யும் கூட்டமைப்பில் சேர வேண்டும். இந்தியாவில் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இன்ஃபெட் என்ற கூட்டமைப்பை நடத்துகிறது. இலங்கையில் லேர்ன் அமைப்பு லியாஃப் என்ற பெயரில் நடத்துகிறது. இவற்றையெல்லாம் உலக அளவில் இணைப்பது எடுகெய்ன். கூட்டமைப்பு தரும் மெட்டாடேட்டா ஒரே பெரிய கோப்பு. எடுகெய்ன் அளவில் அதற்குள் ஆயிரக்கணக்கான ஐடிபிகளும் எஸ்பிகளும் இருக்கும். உங்கள் சர்வர் அதைத் தானே பதிவிறக்கி, கூட்டமைப்பின் கையொப்பத்தைச் சரிபார்த்து, அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

மென்பொருள்கள் உண்மையிலேயே பிரிவது இந்த இடத்தில்தான். ஷிபோலெத்தும் சிம்பிள்சாமல்பிஎச்பியும் இந்த வேலைக்காகவே பிறந்தவை. கீகிளோக்கிலும், மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான என்ட்ரா ஐடியிலும், கூகுளிலும் ஒவ்வொரு எஸ்பியையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். கூட்டமைப்பின் மொத்தக் கோப்பைக் கொடுத்தால் விழுங்கத் தெரியாது. ஸ்கிரிப்ட் எழுதிச் சமாளிக்கலாம் என்பார்கள். எழுதலாம்தான். ஆனால் அந்த ஸ்கிரிப்டும் ஒருவர் பராமரிக்க வேண்டிய மென்பொருள் ஆகிவிடும்.

கீகிளோக்

ரெட் ஹேட் ஆதரவில் 2014-இல் முதல் பதிப்பு வந்தது. 2023-இல், திறந்தமூலக் கிளவுட் மென்பொருள்களுக்கான சிஎன்சிஎஃப் அமைப்பின் கீழ் சென்றது. 2022-இல் வந்த 17-ஆம் பதிப்பிலிருந்து பழைய வைல்ட்ஃபிளை அடித்தளத்தை விட்டு குவார்கஸுக்கு மாறிவிட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளில் பாதி இப்போது பொருந்தாமல் போனதற்குக் காரணம் இந்த மாற்றம். முகவரியில் "ஆத்" என்ற பகுதி வரும் வழிகாட்டியைப் பார்த்தால் அது எந்தக் காலத்தது என்று முதலில் பாருங்கள்.

கூட்டமைப்புத் தேவை இல்லாதவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். ஆக்டிவ் டைரக்டரியை இணைப்பது சில நிமிட வேலை. எடிட் மோடில் ரீட்-ஒன்லி வைத்தால் கீகிளோக் உங்கள் டைரக்டரியில் எதையும் எழுதாது. ஓடிபி, பாஸ்கீ எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. முக்கியமாக, சாமலையும் ஓஐடிசியையும் ஒரே இடத்தில் பேசும். ஓஐடிசி என்கிற ஓப்பன்ஐடி கனெக்ட், இதே வேலைக்காக 2014 பிப்ரவரியில் முடிவான தரம். இன்று உங்கள் ஆட்களே எழுதும் செயலி என்றால் அதைத்தான் பயன்படுத்தச் சொல்வேன். எக்ஸ்எம்எல் கையொப்பத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வெளியிலிருந்து வாங்கிய செயலிக்கு சாமல் மட்டும்தான் தெரியும் என்றால் அதற்கு மட்டும் சாமல். இரண்டும் தெரிந்த சர்வர் கையில் இருந்தால் இந்தச் சுதந்திரம் கிடைக்கும்.

ஆனால் கீகிளோக்கின் இயல்புநிலை அமைப்புகள் பல எஸ்பிகளோடு ஒத்துப்போகாது. நெக்ஸ்ட்கிளவுடை இணைக்கும்போது நடப்பதைப் பாருங்கள். மெட்டாடேட்டா மாற்றியாயிற்று, லாகின் பக்கம் வருகிறது, கடவுச்சொல்லும் சரி. நெக்ஸ்ட்கிளவுடுக்குத் திரும்பியதும், ஒரே பெயரில் இரண்டு ஆட்ரிபியூட்கள் (பயனரைப் பற்றிய தகவல்கள்) இருப்பதாகச் சொல்லும் பிழை. காரணம், கீகிளோக் பயனரின் ரோல்களை, அதாவது அவருக்குத் தந்த அதிகாரங்களை, அசர்ஷனில் சேர்க்கும்போது ஒவ்வொரு ரோலுக்கும் "ரோல்" என்ற பெயரிலேயே தனி ஆட்ரிபியூட் எழுதுகிறது. நெக்ஸ்ட்கிளவுட் பயன்படுத்தும் சாமல் நூலகம் அதை ஏற்காது. கீகிளோக்கின் (அது எஸ்பியைக் கிளையன்ட் என்று அழைக்கும்) கிளையன்ட் ஸ்கோப்பில் ரோல் லிஸ்ட் மேப்பரைத் திறந்து "சிங்கிள் ரோல் ஆட்ரிபியூட்" என்பதை ஆன் செய்தால் முடிந்தது. அதே போல, எஸ்பி தன் கோரிக்கையில் கையொப்பமிடாவிட்டால் கீகிளோக் "இன்வாலிட் ரிக்வெஸ்டர்" என்று மட்டும் சொல்லும். கிளையன்ட் கையொப்பம் கட்டாயம் என்ற அமைப்பு இயல்பாகவே ஆன் ஆகியிருப்பதால் வரும் பிழை அது. எஸ்பியின் சான்றிதழைச் சேர்த்துக் கையொப்பமிடச் செய்யுங்கள். எஸ்பிக்கு அது முடியவே முடியாது என்றால் மட்டும் ஆஃப் செய்யுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் சாமல்-டிரேசர் என்ற நீட்சியைப் போட்டுக்கொண்டால் பிரவுசர் வழியே போகும் எக்ஸ்எம்எல்லை நேரடியாகப் பார்க்கலாம். இதில்லாமல் சாமல் அமைக்க உட்காருவது கண்ணைக் கட்டிக்கொண்டு வயரிங் பார்ப்பது மாதிரி.

நிறுவுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, கீகிளோக்கின் என்டிட்டி ஐடி, அதாவது செயலிகள் அதை அடையாளம் காணும் பெயர், அந்த ரியல்மின் (பயனர்களும் செயலிகளும் அடங்கிய தொகுதியின்) இணைய முகவரியேதான். சோதனைக்கு என்று ஒரு பெயரில் தொடங்கி, பத்துச் செயலிகளை இணைத்த பிறகு ஹோஸ்ட் பெயரையோ ரியல்ம் பெயரையோ மாற்றினால், பத்துச் செயலிகளிலும் போய் மாற்ற வேண்டும். அதனால் பெயரை முதல் நாளே முடிவு செய்யுங்கள். நிறுவனத்தின் பெயர் மாறினாலும் மாறாத ஒரு பெயராக இருக்கட்டும். இரண்டு, கையொப்பமிடும் தனிச்சாவி இயல்பாக டேட்டாபேஸுக்குள் இருக்கிறது. டேட்டாபேஸ் பேக்கப்பை எங்கே வைக்கிறீர்களோ அங்கே சாவியும் இருக்கிறது என்று அர்த்தம்.

பராமரிப்பு விஷயத்திலும் கண்ணாக இருக்க வேண்டும். சமூகப் பதிப்பில் புதிய வெளியீடு வந்ததும் பழையதற்குத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். ஆண்டுக்குச் சில முறை மேம்படுத்தத் தயாராக இல்லாத இடத்தில் இதை நிறுவாதீர்கள். கன்டெய்னரில் ஓடவிட்டு, டேட்டாபேஸைத் தனியாக போஸ்ட்கிரெஸில் வைத்தால் மேம்படுத்துவது பெரும்பாலும் அமைதியாக முடியும். "ஸ்டார்ட்-டெவ்" கட்டளையில் ஓடும் சர்வரை அப்படியே உற்பத்திக்குக் கொண்டுபோகவே கூடாது. அது உள்ளே இருக்கும் எச்2 கோப்பு டேட்டாபேஸில் ஓடுவது, சோதனைக்கு மட்டுமே.

ஷிபோலெத்

இன்டர்நெட்2 அமைப்பில் 2000-ஆம் ஆண்டுத் தொடங்கிய திட்டம். சாமல் தரமே இதன் அனுபவத்திலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. ஐடிபியின் 5-ஆம் பதிப்பு 2023 செப்டம்பரில் வந்தது. ஜாவா 17 வேண்டும். 4-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2024 செப்டம்பரில் முடிந்துவிட்டது. இன்னும் 4 ஓடும் நிறுவனங்கள் இந்தக் கட்டுரையை விட்டுவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

அட்மின் பக்கம் என்று ஒன்று இல்லை. எல்லாம் எக்ஸ்எம்எல் கோப்புகளும் ப்ராப்பர்ட்டீஸ் கோப்புகளும்தான். முதல் வாரம் கஷ்டம் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கோப்புகளை, மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட்டில் போட்டு வைக்கலாம். யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பது ஆண்டுகள் கழித்தும் தெரியும். வலைப்பக்கத்தில் கிளிக் செய்து மாற்றும் எந்த சர்வரும் இந்தத் தெளிவை இவ்வளவு எளிதாகத் தராது.

ஷிபோலெத்தின் உண்மையான பலம் ஆட்ரிபியூட் வெளியீட்டுக் கட்டுப்பாடு. எந்த எஸ்பிக்கு எந்தத் தகவல் போகலாம் என்பதை அட்ரிபியூட்-ஃபில்டர் கோப்பில் விதியாக எழுதுகிறோம். ஓர் ஆய்விதழ்த் தளத்துக்கு "இவர் எங்கள் மாணவர்" என்பது மட்டும் தெரிந்தால் போதும். பெயரோ மின்னஞ்சலோ தேவையில்லை. தனக்கு மட்டும் புரியும் ஓர் அடையாள எண் அதற்குப் போகும். வேறொரு தளத்துக்கு வேறொரு எண். இரண்டு தளங்களும் சேர்ந்து ஒரு மாணவர் எதையெல்லாம் படிக்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. மாணவர்களின் தனியுரிமையை இவ்வளவு அக்கறையோடு யோசித்துக் கட்டிய மென்பொருள் இந்தத் துறையில் அரிது. அந்த எண்களைக் கணக்கிடப் பயன்படும் சால்ட் என்ற ரகசியச் சரத்தைத் தொலைத்துவிட்டால் மட்டும் எல்லா மாணவர்களின் எண்களும் மாறி, தளங்களில் அவர்கள் சேமித்ததெல்லாம் காணாமல் போகும். சாவிகளோடு அதையும் பேக்கப் எடுங்கள்.

அமைத்த விதி சரியா என்று பார்க்க "ஏஏசிஎல்ஐ" என்ற கட்டளை இருக்கிறது. பயனர் பெயரையும் எஸ்பியின் என்டிட்டி ஐடியையும் கொடுத்தால், அவருக்காக அந்த எஸ்பிக்கு எந்தெந்த ஆட்ரிபியூட் போகும் என்று டெர்மினலிலேயே காட்டும். பயனரின் கடவுச்சொல் தேவையில்லை. "சார், எனக்கு மட்டும் உள்ளே போக மாட்டேங்குது" என்று ஒரு மாணவர் வந்து நிற்கும்போது இதன் அருமை தெரியும்.

ஒரு இடறல் மட்டும் சொல்கிறேன். 4-ஆம் பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் ஷிபோலெத், அசர்ஷனை ஏஇஎஸ்-ஜிசிஎம் முறையில் குறியாக்கம் செய்கிறது. பழைய எஸ்பிகள் சிலவற்றுக்கு ஏஇஎஸ்-சிபிசி மட்டும்தான் தெரியும். லாகின் நடக்கும், எஸ்பியில் "மறைநீக்கம் செய்ய முடியவில்லை" என்று நிற்கும். அந்த ஒரு எஸ்பிக்கு மட்டும் பழைய முறையை அனுமதித்து விதி எழுதலாம். எல்லோருக்குமாக மாற்றிவிடாதீர்கள்.

மற்றவை

சிம்பிள்சாமல்பிஎச்பி, நார்வேயின் யூனிநெட் அமைப்பில் தொடங்கியது. பிஎச்பி தெரிந்த ஒருவர் இருக்கும் சிறிய கல்லூரிக்கு நல்ல தேர்வு. கூட்டமைப்பு மெட்டாடேட்டாவைத் தானே புதுப்பிக்க மெட்டாரிஃப்ரெஷ் என்ற மாட்யூல் உண்டு. ஷிபோலெத்தின் நுணுக்கம் இல்லை, அதன் பாரமும் இல்லை.

ஏற்கெனவே விண்டோஸ் சர்வர் உரிமம் இருக்கிறதே என்று மைக்ரோசாஃப்டின் சாமல் சர்வரான ஏடிஎஃப்எஸ்ஸைப் புதிதாக நிறுவ நினைக்கிறீர்களா? வேண்டாம். மைக்ரோசாஃப்டே தன் வாடிக்கையாளர்களை என்ட்ரா ஐடிக்குப் போகச் சொல்கிறது.

மைக்ரோசாஃப்ட் 365 அல்லது கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு ஏற்கெனவே பணம் கட்டுகிற, கூட்டமைப்புத் தேவையில்லாத, முழுநேர அட்மின் இல்லாத நிறுவனம் என்றால் தயங்காமல் அதையே ஐடிபி ஆக்குங்கள். நடு இரவில் சர்வர் விழுந்தால் எழுந்து பார்க்க ஆளில்லாத இடத்தில் சொந்த ஐடிபி வைப்பது எல்லாச் செயலிகளையும் ஒரே நூலில் தொங்கவிடுவதற்குச் சமம். உரிம நிலையை மட்டும் கையெழுத்திடும் முன் பாருங்கள். என்ட்ராவில் ஒரு குழுவுக்கு மொத்தமாகச் செயலியை ஒதுக்குவதற்கும், நிபந்தனை அணுகல் விதிகள் எழுதுவதற்கும் பி1 என்ற கட்டண உரிமம் வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்டுவதால், ஆயிரக்கணக்கில் மாணவர்கள் இருக்கும் இடத்தில் தொகை வேகமாக ஏறும்.

பல்கலைக்கழகங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. ஷிபோலெத் 4-ஆம் பதிப்பிலிருந்து, கடவுச்சொல் சரிபார்ப்பை வேறொரு சாமல் ஐடிபியிடம் ஒப்படைக்க முடியும். லாகினும் இரண்டாம் காரணிச் சரிபார்ப்பும் என்ட்ராவிலோ கீகிளோக்கிலோ நடக்கும். கூட்டமைப்போடு பேசுவதும் ஆட்ரிபியூட் விதிகளும் ஷிபோலெத்திடம் இருக்கும். பயனருக்கு ஒரே லாகின் பக்கம்தான் தெரியும். கூட்டமைப்பும் வேண்டும், ஊழியர்களுக்குப் பழகிய மைக்ரோசாஃப்ட் லாகினும் வேண்டும் என்றால் இதைவிடச் சுத்தமான அமைப்பு எனக்குத் தெரியாது.

எதைத் தேர்ந்தாலும் விலை கேட்கும் இடங்கள்

சான்றிதழ். என்ட்ராவில் சாமல் கையொப்பச் சான்றிதழ் இயல்பாக 3 ஆண்டு, கூகுளில் 5 ஆண்டு, கீகிளோக் தானே உருவாக்குவது 10 ஆண்டு. என்ட்ரா 60, 30, 7 நாள் முன்பு மின்னஞ்சல் அனுப்பும். அது போகும் முகவரி வேலையை விட்டுப் போனவருடையதாக இருந்தால் ஒரு திங்கள்கிழமை காலை யாரும் எதற்குள்ளும் போக முடியாது. அறிவிப்பு முகவரியைக் குழு மின்னஞ்சலாக வையுங்கள்.

சாவி கசிந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் பார்த்த உதாரணம் உண்டு. 2017-இல் சைபர்ஆர்க் ஆய்வாளர்கள் "கோல்டன் சாமல்" என்ற தாக்குதலை விவரித்தார்கள்: கையொப்பச் சாவி கையில் இருந்தால் எந்தப் பயனராக வேண்டுமானாலும் அசர்ஷன் தயாரிக்கலாம், கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். 2020-இல் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில் ஏடிஎஃப்எஸ் சாவியைத் திருடி அதையே செய்து காட்டினார்கள். ஐடிபி சர்வருக்கு, ஆக்டிவ் டைரக்டரி ஓடும் டொமைன் கன்ட்ரோலருக்குத் தரும் பாதுகாப்பைத் தர வேண்டும்.

எஸ்பி பக்கத்து நூலகமும் சாதாரண விஷயமில்லை. 2012-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் 14 சாமல் மென்பொருள்களைச் சோதித்தபோது 11-இல் எக்ஸ்எம்எல் கையொப்பத்தை ஏமாற்ற முடிந்தது. 2024 செப்டம்பரில் ரூபி-சாமல் நூலகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை கிட்லேப் வரை பாதித்தது. ஆகவே உங்கள் செயலியில் சாமல் சரிபார்ப்பைச் சொந்தமாக எழுத யாராவது முன்வந்தால் அன்போடு தடுத்துவிடுங்கள். வாங்கும் செயலிகளிலும், திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் நூலகத்தைப் பயன்படுத்துகிறார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

பயனர் யார் என்று அசர்ஷனில் சொல்லும் அடையாளமான நேம்ஐடியாக மின்னஞ்சலை வைக்கும் பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது, எளிது என்பதால். படிப்பு முடித்துப் போன மாணவரின் முகவரி, இரண்டு ஆண்டு கழித்து அதே பெயருள்ள புதிய மாணவருக்குக் கொடுக்கப்பட்டால், அவர் உள்நுழைந்ததும் பழைய மாணவரின் கோப்புகள் திறக்கும். பதிவு எண், ஊழியர் எண் போல மறுபடி யாருக்கும் தராத ஒன்றை நேம்ஐடியாக வையுங்கள். மின்னஞ்சல் தனி ஆட்ரிபியூட்டாகப் போகட்டும். செயலிகள் இணைந்த பிறகு இதை மாற்றுவது மிகக் கடினம்.

ஐடிபி விழுந்தாலும் உள்ளே போக ஒரு வழி இருக்க வேண்டும். கூகுள் வொர்க்ஸ்பேஸில் சூப்பர் அட்மின்கள் அட்மின் பக்கத்துக்கு கூகுள் கடவுச்சொல்லை வைத்தே போகலாம். மற்ற ஒவ்வொரு செயலியிலும் அப்படி ஓர் உள் கணக்கை வைத்து, அதன் கடவுச்சொல்லைப் பூட்டிய இடத்தில் வையுங்கள். எல்லா சர்வர்களிலும் கடிகாரத்தைச் சரியாக வைக்கும் குரோனி ஓடுகிறதா என்றும் பாருங்கள். அசர்ஷனின் ஆயுள் சில நிமிடங்கள்தான். கடிகாரம் ஐந்து நிமிடம் பிந்தினால் சரியான கடவுச்சொல்லும் செல்லாது. எங்கும் ஒரேயடியாக வெளியேறும் ஒற்றை லாக்அவுட் வசதியை நிர்வாகத்திடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பல செயலிகள் அதை அரைகுறையாகத்தான் செய்கின்றன.

இன்னும் முடிவு எடுக்கவில்லை என்றால் இப்படித் தொடங்குங்கள். இணைக்க வேண்டிய செயலிகளின் பட்டியலைப் போட்டு, ஒவ்வொன்றின் எதிரேயும் சாமலா ஓஐடிசியா, கூட்டமைப்பு வழியா நேரடியா, கோரிக்கையில் கையொப்பமிடுமா, எந்த அடையாள எண்ணைக் கேட்கும் என்று எழுதுங்கள். அதில் கூட்டமைப்பு என்று ஒரு வரி வந்தாலும் ஷிபோலெத்தையோ சிம்பிள்சாமல்பிஎச்பியையோ நிறுவுங்கள். வரவில்லை, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார் என்றால் கீகிளோக். ஆள் இல்லை என்றால் ஏற்கெனவே பணம் கட்டும் கிளவுட். பிறகு அந்தப் பட்டியலில் மிகவும் அடம்பிடிக்கும் செயலியை, பெரும்பாலும் அது ஊதியச் செயலியாக இருக்கும், முதலில் எடுத்துச் சோதனை சர்வரில் இணைத்துப் பாருங்கள். அது ஒழுங்காக இணைந்துவிட்டால் மற்றவை ஒரு வாரத்தில் முடியும்.